தாளிப்பு வடகமும் அம்மாவின் தோள்வலியும்

கத்திரி வெயில் ஆரம்பித்துவிட்டது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வடகத்துக்கு இன்று ஏழாம் நாள்.

கடலூர் முதுநகர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இது பொரித்துத் தின்கிற வடகம் அல்ல, குழம்புக்குத் தாளிக்கிற வடகம். சின்ன வெங்காயம் 5 கிலோ, பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கல்லுப்பு. வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, மற்றதையும் சேர்த்துப் பிசைந்து ஒரு ராத்திரி மூடி வைக்க வேண்டும். காலையில் உருண்டை பிடித்து முறத்தில் காய வைத்தால், சாயங்காலம் அத்தனையையும் உதிர்த்து, சட்டியில் நிற்கும் வெங்காயத் தண்ணீரோடு மறுபடி பிசைய வேண்டும். தண்ணீர் வற்றும்வரை தினமும் இதேதான். கடைசியில் விளக்கெண்ணெய் தடவிக் கல் மாதிரி காய வைத்து ஜாடியில் போட்டால் வருஷம் முழுக்கத் தாங்கும். பக்கத்துப் புதுச்சேரி வழியாக இதுதான் பிரெஞ்சுச் சமையலுக்குள் 'வாதுவான்' என்ற பெயரில் போனது.

"கடையிலேயே கிடைக்குதே, எதுக்கு இந்தப் பாடு?" என்று நண்பன் கேட்டான். கிடைக்கிறது, ருசியும் மோசமில்லை. ஆனால் அலுவலகத்தில் எல்லாமே நேற்றே முடிந்திருக்க வேண்டிய வேலை. வடகத்தை யாராலும் அவசரப்படுத்த முடியாது. மத்தியானம் கடல் காற்று எப்போது திரும்புகிறது, வெங்காயத்தின் பச்சை வாடை எந்த நாளில் அடங்குகிறது என்பதெல்லாம் இப்போது எனக்குத் தெரிகிறது. அது எனக்குப் பெரிய ஆறுதல்.

அப்புறம், ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அம்மா நாற்பது வருஷம் இதைச் செய்தார். ஒரு நாள்கூட நான் சட்டியை மாடிக்குத் தூக்கிக் கொடுத்ததில்லை. அவருக்குத் தோள்வலி வந்த பிறகுதான் அது என் கைக்கு வந்தது. பொறுமையாகச் சமைப்பது எவ்வளவு அழகு என்று எழுதும் ஆண்கள் முதலில் வெங்காயம் உரிக்க உட்காரட்டும். 5 கிலோ உரித்து முடித்த அன்று ராத்திரி எனக்கு நகக்கண்ணெல்லாம் எரிந்தது. அம்மா வருஷா வருஷம் வேப்பெண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

போன வருஷம் கோடை மழையில் நனைந்து, பூஞ்சை பிடித்து, பாதிக்கு மேல் கொட்டினேன். இந்த வருஷம் தார்ப்பாயை மாடியிலேயே வைத்திருக்கிறேன்.

நேற்று பொறுக்காமல் ஒரு உருண்டையைக் கிள்ளிச் சங்கரா மீன் குழம்பில் தாளித்தேன். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "வாசனை வந்துடுச்சி. இன்னும் நாலு வெயில் காயணும்."