நாடகத்தனம்தான், அதற்கென்ன இப்போது?

'பாசமலர்' படத்தை அரங்கில் திரையிட்டபோது எடுத்து, சிவாஜி நடிப்பு நாடகத்தனம் என்று கேலி செய்து நண்பர் ஒருவர் போட்ட அந்த வீடியோவை நான் இங்கே பகிரப் போவதில்லை. எல்லோரும் பார்த்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரியிலிருந்து என் இன்பாக்ஸுக்கு மட்டும் பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் நாலு பேர் விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மையோடு. எனக்கு அனுப்பியிருக்கவே வேண்டாம். நான் அந்த அரங்கில்தான் இருந்தேன். ஏழாவது வரிசை. பக்கத்தில் அம்மா.

'பாசமலர்' கடைசிக் காட்சி. கண் தெரியாத சிவாஜி தடுமாறி வந்து தங்கையிடம் 'கை வீசம்மா' சொல்கிற இடம். வீடியோவில் நீங்கள் கேட்ட அந்தக் கெக்கெக்கே சிரிப்பு எனக்கு இரண்டு வரிசை பின்னால் கேட்டது. 'ஓவர் ஆக்டிங் மியூசியம்' என்ற தலைப்பு வீட்டுக்குப் போய் யோசித்து வைத்ததாக இருக்கும். வீடியோவில் வராதது ஒன்று உண்டு. சிரிப்பு கேட்டதும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர், சட்டென்று கொட்டாவி விடுவது மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார். எழுபத்தைந்து வயதுப் பெண்மணி. அழுததற்காக வெட்கப்பட்டு, தூக்கம் வருகிற மாதிரி நடித்தார். அதுவும் ஓவர் ஆக்டிங்தான். யாரும் படம் பிடிக்கவில்லை.

சரி, நிதானமாகப் பேசுவோம்.

நாடகத்தனம் என்கிறீர்கள். ஆமாம், நாடகத்தனம்தான். நாடகத்திலிருந்து வந்தவர்கள் வேறு எப்படி இருப்பார்கள்? சிவாஜி சின்னப் பையனாக யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, அதுவும் பையன்களை வைத்து நாடகம் போட்ட கம்பெனி. எம்.ஆர்.ராதாவின் 'ரத்தக்கண்ணீர்' ஊர் ஊராக மேடையில் ஓடிவிட்டுத்தான் 1954-ல் படமானது. மைக் இல்லாத கொட்டகையில், தரை டிக்கெட்டில் கடைசியாக உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும், முகம் தெரிய வேண்டும். புருவத்தை ஒரு நூல் தூக்கினால் அவனுக்கு என்ன தெரியும்? குரலிலும் உடம்பிலும்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த உடம்பைத்தான் கேமரா முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது தெரியாமல் செய்த தப்பு இல்லை. அது ஒரு பாணி.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1957-ல் மேடை நாடகம், 1959-ல் படம். அடுத்த வருடமே கெய்ரோவில் ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள். பாவம், அவர்களுக்கு ரீல்ஸ் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. வீடியோ போட்ட நண்பர் (நண்பர்தான், இன்னமும்) போன வருடம் கொச்சிக்குப் போய்வந்தார். கதகளி பார்த்துவிட்டு பதினெட்டு படம் போட்டார். 'கண்ணே கவிதை' என்று எழுதினார். நானும் லைக் போட்டேன். நானும் அங்கே போயிருக்கிறேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போய் உட்கார்ந்தால் வேஷம் கட்டுவதைப் பார்க்கலாம். பச்சை பூசி, அரிசி மாவில் தாடையோரம் சுட்டி என்கிற வெள்ளை விளிம்பு வைத்து, கண் சிவக்க ஒரு பொடி விதையை இமைக்குள் போட்டுக்கொள்வார்கள். அந்தச் சிவந்த கண்ணை உருட்டினால் கவிதை. சிவாஜி உருட்டினால் காமெடியா? ஜப்பான்காரர்களின் அனிமே கார்ட்டூனில் கண்ணீர் குழாய்த் தண்ணீர் மாதிரி இரண்டு பக்கமும் பீய்ச்சி அடிக்கிறதே, அங்கே ஏன் யாரும் 'கொஞ்சம் அடக்கி வாசிச்சிருக்கலாம்' என்பதில்லை? அடுத்தவன் வீட்டில் இருந்தால் கலை, நம் வீட்டுப் பரணில் இருந்தால் குப்பை.

'பழைய படம் எல்லாமே உசத்தியா?' என்று ஒருத்தர் வருவார். இல்லை. பாதிக்கு மேல் எனக்கே தாங்காது. சிவாஜியே சில படங்களில் தாங்க மாட்டார், போதுமா?

'சிரிக்கக்கூட உரிமை இல்லையா?' உண்டு. தாராளமாகச் சிரியுங்கள். 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் கதை சொல்லச் சொல்ல பாலையாவின் முகம் போகிற போக்கைப் பார்த்து அறுபது வருடமாகச் சிரித்துக்கொண்டுதானே இருக்கிறோம். அந்த முகத்தை வைத்துத்தானே தினமும் மீம் போடுகிறீர்கள். பாலையா மேடையிலிருந்து வந்தவர், நாகேஷும் அப்படியே. அப்போது மட்டும் நாடகத்தனம் இனிக்கிறது.

'பாசமலரிலேயே ஜெமினி கணேசன் இயல்பாகத்தானே நடிக்கிறார்?' நல்ல கேள்வி. ஜெமினி கல்லூரியில் வேதியியல் பாடம் எடுத்தவர், நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர் இல்லை. அதைத்தான் நானும் சொல்கிறேன். இரண்டும் இரண்டு பாணி.

'பாய்ஸ் கம்பெனிகளில் பிள்ளைகளை அடித்து வளர்த்தார்களே, அதைக் கொண்டாடலாமா?' அது நிஜம். அதற்குத் தனியாக ஒரு பதிவு எழுதுகிறேன்.

போன பங்குனியில் அம்மாவின் ஊருக்குப் போயிருந்தேன், சிங்கம்புணரிப் பக்கம். சென்னையிலிருந்து ராத்திரி பஸ், அப்புறம் டவுன் பஸ், அப்புறம் சித்தப்பா மகனின் பைக். அன்று கோயில் முன்னால் 'வள்ளி திருமணம்' நாடகம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, அவர் எழுதிவைத்த பாட்டு அந்த ஊரில் இன்னும் விடிய விடிய ஓடுகிறது. இதை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள், ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். பள்ளிக்கூடச் சுவரோரம், செல்போன் வெளிச்சத்தில், வள்ளியாக வந்த அக்கா கைக்கண்ணாடி பார்த்துப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். "யாருக்கா இன்னைக்கு முருகன்?" என்று கேட்டேன். "மேடையில வந்தாத்தான் தெரியும். நீ சாப்பிட்டியா?" என்றார்.

ராத்திரி மூன்று மணி இருக்கும். கோணியில் பிள்ளைகள் சுருண்டு கிடக்கின்றன. அந்த அக்கா கவணைச் சுழற்றிக்கொண்டு, வள்ளி தினைப்புனத்தில் குருவி விரட்டுகிற ஆலோலம் பாட ஆரம்பித்தார். ஆர்மோனியக்காரர் சுருதியை ஒரு கட்டை ஏற்றிவிட்டு ஓரக்கண்ணால் பார்க்கிறார், 'எட்டுமா?' என்பது மாதிரி. எட்டினார். எட்டி அங்கேயே நின்றார். எனக்குப் பக்கத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்த பெரியவர் பீடியைக் கீழே போட்டுவிட்டார். கழுத்து நரம்பு புடைக்க, கண் விரிய, கை ஆகாசத்தைத் தொட. உங்கள் கணக்கில் அதுவும் ஓவர்தான். செல்போனில் மூன்று அங்குலத்துக்குப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

மதுரையில் தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை இருக்கிறது. 1952-ல் 'பராசக்தி'யோடு திறந்தார்கள். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று மதுரைக்காரர்கள் பீற்றிக்கொள்வார்கள், இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரலாம். அத்தனை பெரிய திரைக்கு, அத்தனை பேருக்காகச் செய்த முகத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு 'ஏன் இவ்வளவு பெரிசா பண்றாரு' என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

எங்கோ போய்விட்டேன். அம்மாவுக்கு வருகிறேன்.

அம்மா 'பாசமலர்' பார்த்தது டூரிங் டாக்கீஸில், படம் வந்து இரண்டு மூன்று வருடம் கழித்து. கூட்டிப்போனது பெரிய மாமா. மணலைக் குவித்து மேடு பண்ணி அதில் தங்கையை உட்கார வைத்துவிட்டு, பின்னால் நின்றுகொண்டே முழுப் படமும் பார்த்தாராம். திரும்பி வரும்போது இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். இதை அம்மா எனக்கு ஐம்பது தடவை சொல்லியிருப்பார். பிற்பாடு நிலத் தகராறில் பதினாறு வருடம் பேசவில்லை என்பதையும், மாமா செத்ததற்குப் போகவில்லை என்பதையும் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதை இங்கே எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

'அது உங்க அம்மாவோட சொந்தக் கதை, அதுக்கும் நடிப்புக்கும் என்ன சம்பந்தம், சென்டிமென்டால அடிக்காதீங்க' என்று எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு: ஆமாம், சென்டிமென்ட்தான். அந்தப் படமே அதுதானே. மூன்று மணி நேரம் உட்கார்ந்து வேறென்ன எதிர்பார்த்தீர்கள்?

நானும் யோக்கியம் இல்லை. காலேஜ் படிக்கும்போது டிவியில் இதே காட்சி ஓட, சிவாஜி மாதிரியே கையை ஆட்டி மிமிக்ரி பண்ணிக் காட்டியிருக்கிறேன், அம்மா முன்னாலேயே. அவரும் சிரித்தார். அன்றைக்கு மாமா உயிரோடுதான் இருந்தார்.

'அவ்வளவு ஆசைன்னா வீட்டிலேயே போட்டுக் காட்ட வேண்டியதுதானே, யார் தொந்தரவும் இருக்காது' என்று இதற்குள் இரண்டு பேர் மெசேஜ் அனுப்பிவிட்டார்கள். நேற்று போட்டேன். யூடியூபில் இருக்கிறது. 'மலர்ந்தும் மலராத' வரைக்கும் பார்த்துவிட்டு, அரிசி களையணும் என்று எழுந்து போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது குழாய் திறந்திருந்தது. அரிசி டப்பா திறக்கவில்லை.