தீடைகளுக்குப் போக ஆடியும் ஆவணியும் வேண்டாம்

நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வெளிநாடுகளிலிருந்து வரும் உறவினர் பலர், தலைமன்னாருக்கு அப்பால் கடலில் உள்ள மணல் தீடைகளுக்கு, அதாவது சிறு மணல் திட்டுகளுக்கு, படகில் போக ஒழுங்கு செய்து தரும்படி என்னிடம் கேட்கிறார்கள். ஆசையில் பிழையில்லை, தேர்ந்தெடுக்கும் மாதம்தான் பிழை என்பது என் கருத்து.

இத்தீடைகள் அடங்கிய ஆதாம் பாலத்தின் (இராமர் பாலம்) இலங்கைப் பகுதி 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் நமது சுண்டிக்குளமும் நெடுந்தீவின் ஒரு பகுதியும் அந்த நிலையைப் பெற்றன. ஆகவே தீடையில் கால் வைப்பதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். எல்லைக் கடல் என்பதால் கடற்படையின் கண்காணிப்பும் உண்டு. படகுக்காரருடன் பேசி முடித்துவிட்டால் போதும் என்று எண்ணுவோருக்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆனால் அனுமதி கிடைத்தாலும் போகலாமா என்பதுதான் என் கேள்வி. வைகாசி முதல் ஆவணி வரையான மாதங்களில் ஆலாக்கள் என்னும் கடற்பறவைகள் இத்தீடைகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. அவை பெரும்பாலும் கூடு கட்டுவதில்லை. வெறும் மணலில் சிறு குழி பறித்து, மணலின் நிறத்தோடு ஒத்துப்போகும் முட்டைகளை இடுகின்றன. மனிதர் நெருங்கியதும் தாய்ப் பறவை எழுந்துவிட, உச்சி வெயிலில் அந்த முட்டைகள் சிறிது நேரத்திலேயே கெட்டுவிடக்கூடும். காலடியில் நசுங்குபவை வேறு. ஒரு படகில் வருவோர் படம் எடுத்து முடிப்பதற்குள் ஒரு பருவத்தின் இனப்பெருக்கமே குலைந்துபோகலாம். ட்ரோன் பறக்கவிடுவோரைப் பற்றி எழுதத் தொடங்கினால் பதிவு நீண்டுவிடும்.

தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் இக்காலம் நமக்கும் உகந்ததன்று. மணல் முகத்தில் அறையும். நிழலுக்கு ஒரு மரமும் இல்லை. போவதானால் மாசி, பங்குனியே நல்லது. அப்போது வாடை ஓய்ந்து, சோழகம் இன்னும் தொடங்காதிருக்கும். சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரி வழியாக மன்னாருக்குப் போனால், மன்னார்த் தீவுக்குச் செல்லும் தாம்போதியை அண்டிய வங்காலைச் சரணாலயத்தில் பூநாரைகளையும் வலசை வந்த வாத்துகளையும் காணும் வாய்ப்பும் உண்டு. 2010 இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அந்த இடத்துக்கு ஒரு முழுக் காலைப் பொழுதை ஒதுக்க வேண்டும்.

ஆவணியில் மட்டுமே விடுமுறை கிடைப்போர், 1964 புயல் வரை தனுஷ்கோடிக்குக் கப்பல் புறப்பட்ட தலைமன்னார் இறங்குதுறைப் பக்கம் போய், கரையில் நின்றபடியே தொலைநோக்கியால் ஆலாக்களைப் பார்க்கலாம். அதற்குப் படகுக் கூலியும் தேவையில்லை.