சிரிப்பு வராத இரவுகளும் வேலை நேரம்தான்

ஸ்டாண்ட்-அப் காமெடி டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு, "ஒரு மணி நேரம் மைக்கைப் பிடிச்சுப் பேசுறதுக்கு இவ்வளவா?" என்று கேட்காதவர்கள் குறைவு. மேடையில் ஒரு மைக், ஒரு ஸ்டூல், ஒரு தண்ணீர் பாட்டில். வாத்தியம் கிடையாது, கூட நடிக்க ஆள் கிடையாது. பார்க்கிறவருக்கு அது வேலை மாதிரியே தெரியாது. அப்படித் தெரியாமல் பார்த்துக்கொள்வதற்கே பாதி உழைப்பு போகிறது என்பது வேறு விஷயம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "ஊரைச் சிரிக்க வைக்கிறவன் உள்ளுக்குள்ளே அழுதுகிட்டிருப்பான்" என்று உருகுகிற கூட்டம். அந்த அனுதாபமும் எனக்கு ஒத்துவரவில்லை. 2014ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி இதழில் ஓர் ஆய்வு வந்தது. 523 நகைச்சுவைக் கலைஞர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து அவர்களுடைய குணப்போக்குகளை அளந்தார்கள். அளந்தது குணங்களை, நோயை அல்ல. ஆனால் செய்திகளில் அது 'காமெடியன் என்றாலே மனநோய்க்குப் பக்கத்தில் இருப்பவன்' என்கிற அளவுக்குப் போய்விட்டது. எனக்குத் தெரிந்தவரை இவர்களை வாட்டுவதில் பெரும்பகுதி தொழில் பிரச்சினை: கூலி, வேலை நேரம், தப்புப் பண்ணிப் பழக ஒரு இடம். இதே பிரச்சினை வேறு தொழிலாளிக்கு என்றால் சங்கம் வைக்கச் சொல்வோம். இவர்களுக்கு என்றால் கவிதை எழுதுகிறோம்.

அந்த மூன்றாவது விஷயம்தான் வெளியே இருப்பவர்களுக்குப் பிடிபடுவதில்லை. கதை எழுதுகிறவர் நாலு தடவை கிழித்துப் போட்டு ஐந்தாவதைக் காட்டலாம். பாடகர் கதவைச் சாத்திக்கொண்டு சாதகம் பண்ணலாம். ஜோக்கை அப்படிப் பழக முடியாது. எதிரே ஆள் இருந்தால்தான் அது ஜோக்கா இல்லையா என்றே தெரியும். ஆக, கிழித்துப் போட வேண்டிய பிரதிகள் அத்தனையும் அந்நியர்கள் முன்னால்தான் அரங்கேறியாக வேண்டும்.

எனக்கு நெருக்கமான தம்பி ஒருவன் இந்தத் தொழிலில் இருக்கிறான். மேடை ஏறிப் பேசுகிற ஒவ்வொரு முறையும், அதை 'செட்' என்பார்கள், போனில் ஆடியோவாகப் பதிவு பண்ணிக்கொள்வான். திரும்பி வரும்போது காதில் மாட்டிக்கொண்டு, எங்கே சிரித்தார்கள், எங்கே சிரிப்பு பாதியில் நின்றது, எங்கே யாரோ இருமினார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டே வருவான். அவனிடம் ஒரு ஜோக் இருந்தது. முதல் ஷோவுக்கு அம்மா வந்து முழுசாகப் பார்த்தாராம். "முடிஞ்சதும், 'காமெடி எப்போ ஆரம்பிக்கும்?'னு அம்மா கேட்டாங்க" என்று முடிப்பான். சிரிப்பு வரும், ஆனால் நமத்துப்போய் வரும். ஆடியோவைத் திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான் பிடிபட்டது: ஜனங்கள் சிரிக்க வாயைத் திறக்கிற நேரத்தில் அந்த 'னு அம்மா கேட்டாங்க' வந்து அதை அமுக்கிவிடுகிறது. "முடிஞ்சதும் அம்மா கேட்டாங்க, 'காமெடி எப்போ ஆரம்பிக்கும்?'" என்று திருப்பிப் போட்டான். அதற்குப் பிறகு அந்த இடம் அவனைக் கைவிட்டதே இல்லை. இரண்டு சொற்களை இடம் மாற்றுவதற்கு எத்தனையோ ராத்திரி!

அந்த ராத்திரிகளும் லேசுப்பட்டவை அல்ல. ஓப்பன் மைக் என்றால், யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசிப் பழகுகிற மேடை, பெயரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நம் முறை வருவதற்குள் நிஜமான பார்வையாளர்கள் கிளம்பிவிடுவார்கள். மிச்சம் இருப்பது அடுத்து ஏறப்போகிற மற்ற காமெடியன்கள். அவரவர் வரியை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பதால் யாரும் சிரிப்பதில்லை. அவர்களுக்கு முன்னால் நின்று நாலைந்து நிமிடம். பின்பக்கம் விளக்கு எரிந்ததும், அதை 'லைட் வந்துடுச்சு' என்பார்கள், முடித்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும். பெண்கள் என்றால் கூடுதலாக, நிகழ்ச்சி முடியும் நேரத்தில் எப்படி வீடு போய்ச் சேருவது என்ற கணக்கும் சேர்ந்துகொள்ளும்.

அப்புறம் கூலி. 1979ல் லாஸ் ஏஞ்சலஸின் 'காமெடி ஸ்டோர்' கிளப்பில் காமெடியன்கள் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படித்தால் இன்றைக்கு எழுதியது மாதிரி இருக்கும். மது பரிமாறுகிறவருக்குச் சம்பளம் உண்டு. யாரைப் பார்க்கக் கூட்டம் வந்ததோ அவர்களுக்குக் கிடையாது. இது கல்லூரி மாதிரி, நீங்கள் கற்றுக்கொள்ளத்தானே வருகிறீர்கள் என்பது உரிமையாளர் தரப்பு வாதம். பிற்பாடு அமெரிக்க டிவியில் பெரிய தொகுப்பாளர்களான ஜே லெனோ, டேவிட் லெட்டர்மேன் எல்லாம் அப்போது வாசலில் நின்று போராடியவர்கள். சில வாரப் போராட்டத்துக்குப் பிறகு ஒரு செட்டுக்கு 25 டாலர் என்று வந்தது. இன்றைக்குக் காசுக்குப் பதிலாகச் சொல்கிற 'எக்ஸ்போஷர் கிடைக்கும் ப்ரோ' என்ற வசனம் அந்தக் கல்லூரி வாதத்தின் பேரப்பிள்ளைதான்.

பெரிய ஆட்களுக்கும் பிரச்சினை தீர்வதில்லை. 2021 கடைசியில் ஜான் முலேனி, ஜிம் கேஃபிகன், கெவின் ஹார்ட் போன்ற அமெரிக்க காமெடியன்களின் ஆல்பங்களை, பாட்டுக் கேட்கிற ஆப்பான ஸ்பாட்டிஃபை நீக்கியது. தகராறு எதில் என்றால், பாட்டு ஓடினால் பாடியவருக்கு ஒரு தொகை, எழுதியவருக்கு ஒரு தொகை. ஜோக் ஓடினால் பேசிய பதிவுக்கு மட்டும்தான் காசு. அதை எழுதியதற்கு ஏன் தனியாகத் தரக்கூடாது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதானே?

பாட்டோடு ஒப்பிட்டால் இன்னொன்றும் இடிக்கும். பாடகரிடம் பழைய பாட்டைத்தான் கேட்போம். காமெடியனிடம் பழைய ஜோக் வந்தால் "இது யூடியூப்ல பார்த்தாச்சே" என்போம். வருஷக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து உருவான ஒரு மணி நேரம், 'ஸ்பெஷல்' என்கிற முழுநீள வீடியோவாக வெளியானதும் செலவழிந்துவிட்டது. 1998ல் அமெரிக்க டிவி காமெடி நட்சத்திரம் ஜெரி சைன்ஃபெல்ட் தன் பழைய ஜோக்குகளை ஓரங்கட்டிவிட்டு, மறுபடி சின்ன கிளப்களில் சில நிமிடங்களிலிருந்து ஆரம்பித்தார். உலகம் முழுக்கத் தெரிந்த முகம். அவரும் வரி மறந்து தடுமாறினார். புகழ் முதல் ஓரிரு நிமிடத்துக்குத்தான் உதவும்.

இதில் ரீல்ஸ் வேறு. வாரா வாரம் கிளிப் போடாவிட்டால் டிக்கெட் போகாது; எழுதியதைப் போட்டால் அது செத்துவிடும். அதனால்தான் முன்வரிசையில் இருப்பவரிடம் "என்ன வேலை பண்றீங்க?" என்று வம்பிழுக்கிற கிரவுட் வொர்க் கிளிப்கள் குவிகின்றன. திறமை வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டுமே பார்த்துவிட்டு வருகிறவர்கள், நிகழ்ச்சி என்பது நாமும் கூடப் பேசுவதற்குத்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நடுவில் கத்திக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் "நான்தான் உன் ஷோவைக் காப்பாத்தினேன்" என்று கைகுலுக்குகிற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன்.

வழக்கு, கைது எல்லாம் உங்களுக்கே தெரியும். நியூயார்க்கில் 1964ல் ஆபாச வழக்கில் தண்டனை பெற்ற காமெடியன் லென்னி புரூஸ் 1966ல் இறந்துபோனார். அரசு மன்னிப்பு வழங்கியது 2003ல். இந்தூரில் 2021 ஜனவரி 1 அன்று கைதான காமெடியன் முனவர் ஃபாரூக்கி, உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் தரும்வரை ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். சீனாவில் 2023ல், ராணுவ முழக்கம் ஒன்றைத் தொட்டு ஒரு காமெடியன் சொன்ன ஒரே ஒரு வரிக்காக, அவருடைய நிறுவனத்துக்கு ஒரு கோடி யுவானுக்கு மேல் அபராதம். கடைசிச் சம்பவம் ஆரம்பித்தது, பார்வையாளர் ஒருவர் இணையத்தில் கொண்டுபோய்ப் போட்டதிலிருந்து.

ஆகவே என் கோரிக்கை சின்னதுதான். ஓப்பன் மைக்குக்கோ புது ஜோக் பழகுகிற ட்ரையல் ஷோவுக்கோ போனால் போனை உள்ளே வையுங்கள். பெரிய நிகழ்ச்சிகளில் வாசலிலேயே போனை வாங்கிப் பூட்டுப் பையில் போட்டுக் கொடுப்பதைத் திமிர் என்று திட்டாதீர்கள். அங்கே பேசப்படுவது கைப்பிரதி. நாளைக்கு அவரே வெட்டிவிடப்போகிற வரியை, நீங்கள் முப்பது செகண்டாக வெட்டி ஊர் முழுக்கப் பரப்பிவிட்டால் அதுதான் அவருடைய முகவரி என்றாகிவிடும்.

"அப்போ மட்டமான ஜோக்கை ஒண்ணுமே சொல்லக் கூடாதா?" என்று கமெண்டில் யாராவது வருவீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஸ்பெஷலாக வெளியிட்டுக் காசு வாங்கியதைக் கிழித்துத் தொங்கவிடுங்கள். ட்ரையல் ஷோவில் அந்த வேலைகூட வேண்டாம், சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாலே போதும். அந்த ஆடியோவை அவர் எப்படியும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.