அத்திப்பழத்தை அடுப்பில ஏத்தாதேங்கோ

எங்கட வளவில நிக்கிற அத்தி இந்த வருசம் நல்லாக் காய்ச்சிருக்கு. போன சனிக்கிழமை தங்கச்சியின் மகளுக்குப் பிறந்தநாள். வழக்கம்போல றோல்ஸ், பற்றிஸ், கட்லட் எல்லாம் ஓடர் கொடுத்தாயிற்று. நான் ஒரு பெரிய தட்டு நிறைய அத்திப்பழம் செய்து கொண்டுபோனேன்.

தட்டை வைத்ததும் பக்கத்துவீட்டு ஆச்சி, "பிள்ளை, அத்திப்பழத்தைப் பிட்டுப் பாத்தா அத்தனையும் சொத்தையெண்டல்லோ சொல்லுறவை, இதைப் போய்ச் சனத்துக்கு வைக்கிறியே?" என்றா. ஆச்சி மனதில் இருந்தது நாட்டு அத்தி. அடிமரத்திலேயே குலைகுலையாகக் காய்க்கும், அதற்குள் சின்னக் குளவிகள் புகுந்து முட்டையிடும். எங்கட வளவில் நிற்பது மத்தியதரைக்கடல் பக்கத்து அத்தி. வீடுகளில் வளர்க்கிற அனேக வகைகள் குளவி இல்லாமலே காய்த்துப் பழுக்கும். ஒரு பழத்தைப் பிளந்து காட்டினேன். ஆச்சி கண்ணாடியைப் போட்டு வடிவாகப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தா. பிறகு கேட்காமலே இரண்டாவதையும் எடுத்தா.

இந்தப் பழம் கையில் கிடைத்தால் கனபேர் ஜாம் காய்ச்சுகிறார்கள், இல்லையென்றால் பாலில் போட்டு அடிக்கிறார்கள். எனக்கு அது மனம் பொறுக்கிறதில்லை. அதற்குக் கடையில் காய்ந்த அத்தி வருசம் முழுக்கக் கிடக்குதே. மரத்தில் பழுத்த பழத்துக்கு இரண்டு நாள்தான் ஆயுள், அதை அடுப்பில் வைத்தால் அதன் குணமே போய்விடும்.

பிடுங்குவதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது. காயாகப் பிடுங்கி வாழைக்குலை மாதிரி மூடி வைத்துப் பழுக்க வைக்க ஏலாது. பழத்தின் கழுத்து தொய்ந்து, தோல் தளர்ந்து, அடிக்கண்ணில் ஒரு துளி தேன் கசிய வேண்டும். அதுவரை அணிலும் குயிலும் விடாது, நான் பழைய கொசுவலைத் துண்டில் பை தைத்துக் கட்டிவிடுவேன். காம்பில் வடிகிற பால் தோலில் பட்டால் கடிக்கும், சின்னப்பிள்ளைகளைப் பிடுங்க விடாதேங்கோ.

தயிரை இரவே துணியில் கட்டித் தூக்கிவிடுங்கோ. காலையில் வெண்ணெய் மாதிரிக் கட்டியாக இருக்கும். அதில் ஆனையிறவு உப்பு கொஞ்சம், பொடியாக அரிந்த பச்சைமிளகாய் கொஞ்சம். பழத்தை மேலிருந்து நாலாகக் கீறி, அடிவரை வெட்டாமல் விரலால் அமத்தினால் பூப்போல விரியும். நடுவில் ஒரு கரண்டி தயிர், மேலே வறுத்து இடித்த கச்சான். வெளிநாட்டில் இதற்கு ஆட்டுப்பால் சீஸும் தேனும் வைப்பார்கள். நாங்கள் கொழும்பிலிருந்து விலைகூடின சீஸ் எடுப்பிக்கத் தேவையே இல்லை. மாங்காய்க்கு உப்பும் தூளும் தொட்டு வளர்ந்த நாக்கு எங்களுடையது, இனிப்புக்குப் பக்கத்தில் உப்பும் உறைப்பும் வைக்க எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று இதைவிடச் சுகம். பழத்தைப் பாதியாக வெட்டி, கரைத்த பனங்கட்டி அரைக்கரண்டி விட்டு, மிளகு தட்டிப்போட்டுத் தேசிக்காய் பிழிந்தால் சரி. கிறீம் கிறக்கரில் சீஸ் வைத்து மேலே பழத்துண்டு அடுக்கலாம், ஆனால் ஆக்கள் வந்து இருந்த பிறகு அடுக்குங்கோ, பிஸ்கட் நமத்துப் போகும்.

றோல்ஸை நிப்பாட்டச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு விசேசத்திலும் பாதி கடித்த றோல்ஸும் பற்றிஸும் எத்தனை குப்பைக்குப் போகிறது என்று, கடைசியில் தட்டுக் கழுவுகிற எங்களுக்குத்தான் தெரியும். எண்ணெய் குடித்த பத்துச் சாமானுக்குப் பக்கத்தில் எங்கட மண்ணில் விளைந்த ஒரு பழம் இருக்கட்டும் என்கிறேன். சீனி வருத்தக்காரர் மட்டும் அளவோடு எடுங்கோ. 100 கிராம் பச்சைப்பழத்தில் ஏறக்குறைய 16 கிராம் சீனி இருக்கிறது, காய்ந்ததில் அது ஏறக்குறைய மூன்று மடங்கு.

சுண்ணாம்புக்கல் மண் அத்திக்கு ஒத்துக்கொள்ளும், யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதற்கா பஞ்சம். தடி நட்டாலே வேர் விடும். ஐப்பசி மழை தொடங்க நான் கிளை வெட்டுவேன், தேவையான ஆக்கள் கீழே எழுதி விடுங்கோ, எடுத்து வைக்கிறேன். ஆச்சிக்கு ஏற்கெனவே இரண்டு தடி சொல்லியாயிற்று.