121 டிகிரியில் குளிரும் கிருமி

(ஆய்வகத்தின் ஆட்டோகிளேவ் அறை. ஆட்டோகிளேவ்: 121 டிகிரி அழுத்த நீராவியில் கிருமிகளைக் கொல்லும் பெட்டி. தனம் மூத்த உதவியாளர், குமார் புதுசு.)

குமார்: அக்கா, இனிமே இந்தப் பெட்டியை நம்ப முடியாது. 121 டிகிரியிலயும் பெருகுற கிருமி இருக்காம்!

தனம்: ஸ்ட்ரெய்ன் 121-ஐச் சொல்றியா? அது 2003-லயே வந்த சேதி. பசிபிக் கடலடி வெந்நீர் ஊத்துல எடுத்தது.

குமார்: நாம விடுற 15 நிமிஷம் அதுக்கு வெந்நீர்க் குளியல்!

தனம்: அது ஒண்ணு ரெண்டாகவே 24 மணி நேரம் ஆகும்டா. ஆக்சிஜனைத் தொடாது, மூச்சு விட இரும்பு ஆக்சைடு வேணும். 85-க்குக் கீழ வளராது. இந்த அறைக்கு வந்தா போர்வைதான் கேக்கும்.

குமார்: அதையும் மிஞ்சின ஆள்?

தனம்: மெத்தனோபைரஸ் கான்ட்லெரி. இந்தியப் பெருங்கடல் அடியில எடுத்த இனம், 2008-ல 122 டிகிரியில வளர்த்துக் காட்டினாங்க. ஏறக்குறைய 200 மடங்கு வளிமண்டல அழுத்தம் கொடுத்து. நம்ம பெட்டியில ரெண்டு மடங்குதான்.

குமார்: ஒரே ஒரு டிகிரிக்கா இந்த அலட்டல்?

தனம்: அதை விடு. காலி பாட்டில் மூடியை ஏன் இப்படி முறுக்கி வச்சிருக்கே?

குமார்: கிருமி நுழையக் கூடாதுன்னு...

தனம்: நீராவியும் நுழையாதே! உள்ள மாட்டின காத்து வறண்ட சூடுதான் கொடுக்கும். வறண்ட சூட்டுல கொல்ல 160 டிகிரியில ரெண்டு மணி நேரம் ஆகும். ஈரம் இருந்தாத்தான் புரதம் 121-லயே சட்டுனு உருக்குலையும். திரவம் உள்ள பாட்டிலை முறுக்கினியோ, வெடிச்சிரும். அரைச் சுத்து தளர்த்து.

குமார்: சூடு பட்டா நிறம் மாறுற டேப்புல கறுப்புக் கோடு வந்துச்சேக்கா.

தனம்: டேப்பு வெளியில ஒட்டியிருக்கு. மூட்டைக்குள்ள என்ன நடந்துச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தானே ஜியோபாசிலஸ் வித்துக் குப்பி, சூட்டைத் தாங்குற பாக்டீரியா வித்து செத்துச்சான்னு பாக்கறதுக்கு. நேத்து வச்சது என்னாச்சு?

குமார்: ஊதா மாறவே இல்ல! மஞ்சளானாத்தானே உயிரோட இருக்குன்னு அர்த்தம்? மொத்தமும் காலி!

தனம்: எங்க வச்சே?

குமார்: நடு மூட்டைக்குள்ள, நீங்க சொன்ன மாதிரியே.

தனம்: பெட்டியில வைக்காம ஒப்பிட ஒரு குப்பி எடுத்து வச்சோமே, அது?

குமார்: அதுவும் ஊதாதான். நம்ம ஆட்டோகிளேவ் பக்கத்து மேசையில இருந்ததையும் சேர்த்துக் கொன்னுருச்சு!

தனம்: வித்து முளைக்குதான்னு பாக்க எந்த இன்குபேட்டர்ல, எத்தனை டிகிரி சூட்டுல போட்டே?

குமார்: 37 டிகிரி. உடம்புச் சூடு, இதமா இருக்கட்டுமேன்னு.

தனம்: அது 55, 60 கேக்குற ஆளுடா!

குமார்: (குப்பியை உள்ளங்கையில் பொத்தி) உனக்குமா குளிருது?