டமாரச் செவிடாம், பாம்பு!

ஒரு மதிப்பெண் போய்விட்டது. அண்ணன் மகளுக்குத்தான். ஆனால் போனது என்னால் என்று வீடே சொல்கிறது.

'பாம்புக்குக் காது கேட்கும். சரியா, தவறா?' என்று தேர்வில் கேட்டிருக்கிறார்கள். நான் போன மாதம் சொன்னதை நம்பிப் பிள்ளை 'சரி' என்று போட்டுவிட்டது. தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. பக்கத்தில் 'பாம்புக்குக் காது இல்லை' என்று விளக்கம் வேறு. வாங்கிப் பார்த்த சித்தப்பா, "இதுகூடத் தெரியாமலா பாடம் சொல்லிக்கொடுக்கிறாய்? பாம்பு டமாரச் செவிடும்மா!" என்றார்.

வயிறு எரிகிறது. மடல் இல்லை, துளை இல்லை, செவிப்பறையும் இல்லை. சரி, யார் இருக்கிறது என்றார்கள்? உள்ளே உட்செவி இருக்கிறதே, அதிலிருந்து மூளைக்கு நரம்பு போகிறதே, அதை என்ன செய்வது? குச்சி மாதிரி ஒரு பொடி எலும்பின் ஒரு முனை உட்செவியில் பொருந்தியிருக்கிறது. மறுமுனை தாடை மூட்டு எலும்போடு இணைந்திருக்கிறது. தலையைத் தரையில் வைத்துக் கிடக்கும்போது, நாம் எடுத்துவைக்கும் காலடியின் அதிர்வு தாடையில் ஏறி அந்தக் குச்சி வழியாக உள்ளே போய்விடும்.

பிள்ளைக்கு இதை ஒரு நிமிடத்தில் புரியவைத்தேன். மோவாயை மேசைமேல் வைத்து, இரண்டு காதையும் பொத்திக்கொள்ளச் சொன்னேன். மேசையின் அந்தக் கோடியில் அலைபேசியை அதிர்வில் வைத்து அழைத்தேன். "அத்தை, தலைக்குள்ளே கொர்ருங்குது!" என்று துள்ளினாள். சித்தப்பாவை வைத்துப் பார்க்கச் சொன்னேன். மாட்டாராம்.

அடுத்து வந்தது பாருங்கள், அதில்தான் எனக்குப் பொறுமை போனது. "அது அதிர்வுதானே, சத்தம் இல்லையே!"

ஐயா, சத்தமே அதிர்வுதான்! நம் காதிலும் காற்றின் அதிர்வுதான் பறையைத் தட்டுகிறது. அதுவும் போக, காற்றில் வரும் ஒலியையும் பாம்பு பிடிக்கிறது. 2012இல் டென்மார்க்கில் ராயல் மலைப்பாம்புகளின் மூளையிலிருந்து வரும் மின் துடிப்பை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒலி பட்டதும் மண்டையோடே மெல்ல அதிர்கிறது, அந்த அதிர்வை உட்செவி வாங்கிக்கொள்கிறது. 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரையான, அதாவது நொடிக்கு அத்தனை முறை அதிர்கிற கட்டை ஒலிதான் அதற்கு நன்றாக எட்டும். அதுவும் 78 டெசிபல் அளவுக்காவது பலமாக இருக்க வேண்டும். கிசுகிசுத்தால் கேட்காது. ஆண்குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் வரும். சித்தப்பா அன்றைக்குக் கூடத்தில் நின்று போட்ட சத்தம், பக்கத்தில் பாம்பு இருந்திருந்தால் அதற்கு நிச்சயம் கேட்டிருக்கும். டமாரம் அடித்தாலும் கேட்கும். போயும் போயும் பாம்புக்கா டமாரச் செவிடு பட்டம்!

2023இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 19 பாம்புகளுக்கு 450 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிய ஒலிகளைப் போட்டுக்காட்டினார்கள். தரையில் அதிர்வே உண்டாக்காத ஒலியும் அதில் இருந்தது. வோமா மலைப்பாம்பு சத்தம் வந்த பக்கம் நகர்ந்தது. டைப்பானும் பழுப்புப் பாம்பும் விலகிப் போகப் பார்த்தன. செவிடு இப்படியா செய்யும்?

உடனே மகுடியை இழுத்துக்கொண்டு வருவார்கள். மகுடிக்குப் பாம்பு ஆடுவது இசையில் மயங்கி இல்லை, கண்ணெதிரே அசைகிற குழலைப் பார்த்துத்தான். ஒப்புக்கொள்கிறேன். அதிலிருந்து 'ஆகவே காதே கேட்காது' என்று எப்படித் தாவுகிறீர்கள்?

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. 'பாம்புச் செவி' என்று கூர்மையான காதுக்குச் சொல்வோமே, அதை அப்படியே பிடித்துக்கொண்டு, குண்டூசி விழுந்தாலும் பாம்புக்குக் கேட்கும் என்பார்கள். அதுவும் கதைதான். தன் சீறலே அதற்கு ஒழுங்காகக் கேட்காது. சீறல் பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, பாம்புக்குக் கேட்கும் எல்லையைத் தாண்டிப் போய்விடுகிறது. ஊரை மிரட்டுகிற சத்தம் தனக்கே கேட்காமல் ஒரு பிறவி! இந்த அழகையெல்லாம் சொல்லிக்கொடுக்காமல் 'காது இல்லை' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

பழைய தமிழில் பாம்புக்குக் கட்செவி என்று பெயர். கண்ணே செவி என்று நினைத்திருக்கிறார்கள். அது தப்புதான், ஆனாலும் காது வெளியே தெரியவில்லை என்றதும் செவிடு என்று கைகழுவாமல், வேறு வழியில் கேட்கிறது என்றாவது யோசித்தார்களே. இன்றைக்கு வாட்ஸப்புக்குக் கட்செவி அஞ்சல் என்று சிலர் பெயர் வைத்திருக்கிறார்கள். பாம்பு செவிடு என்பதற்கு ஆதாரமாகச் சித்தப்பா எனக்கு எதில் தகவல் அனுப்பினார் தெரியுமா? அதே கட்செவி அஞ்சலில்தான். 'வந்ததை அப்படியே அனுப்பியுள்ளேன்' என்ற குறிப்போடு.

இரவு சாப்பிடும்போது பிள்ளை கேட்டாள், "அத்தை, மறுபடி இதே கேள்வி வந்தால் என்ன போடட்டும்?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"சரி என்றே போடு" என்றேன். அண்ணி கரண்டியைப் பாத்திரத்தில் ணங்கென்று போட்டுவிட்டு எழுந்து போனார்.