ஓசி இல்லைங்க, கட்டின காசு

அந்த ஸ்கிரீன்ஷாட்டை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத்து வாட்ஸப் குழுவில், நான் போட்ட ஒரு நூலக அறிவிப்புக்கு ஒருவர் எழுதிய பதில்தான் அது. யார் வெளியே விட்டார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் இல்லை. பெயரை மறைத்துத்தான் சுற்றுகிறது, அப்படியே இருக்கட்டும். அந்த மனிதரோடு எனக்குத் தனிப்பட்ட பகை கிடையாது. போன வாரம் வரை லிஃப்டில் பார்த்தால் சிரித்துக்கொண்டவர்கள்தான்.

கிளை நூலகத்தில் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறார்கள், ஓவியம், சதுரங்கம் எல்லாம் உண்டு, கட்டணம் இல்லை என்று ஒரு அறிவிப்பைப் போட்டேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். "ஓசியில் நடத்துகிற இடத்துக்கு எந்த மாதிரிக் கூட்டம் வரும் என்று தெரியாதா மேடம்? நம்ம பிள்ளைகளை அங்கே அனுப்ப முடியுமா?" என்று பதில். பதிலைக்கூட விட்டுவிடலாம். அதற்குக் கீழே வரிசையாக விழுந்த கட்டைவிரல்கள் இருக்கின்றனவே, அவைதான் இரண்டு நாளாக மனசுக்குள் உறுத்துகின்றன.

சரி, முதலில் அந்த ஓசியை முடித்துவிடுவோம்.

உங்கள் சொத்து வரி ரசீதை எடுங்கள். நூலக வரி என்று ஒரு வரி அதில் அடக்கம். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. இது நேற்று வந்த வரி இல்லை. 1948-இல், அன்றைய சென்னை மாகாணத்தில், ஓமந்தூரார் ஆட்சியில், கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்திலிருந்து வருகிறது. சுதந்திர இந்தியாவில் ஒரு மாநிலம் பொது நூலகத்துக்கென்று போட்ட முதல் சட்டம் அதுதான். இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று அதற்கு முன்னால் பல வருடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்தவர் சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். ஆரம்பத்தில் விகிதம் குறைவு, பிறகு ஏறியது. ஆக உங்கள் தாத்தா கட்டினார், அப்பா கட்டினார், நீங்களும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். காசு கட்டிவிட்டுச் சாமானை வாங்காமல் வீட்டுக்குத் திரும்பி, வாங்கியவனைப் பார்த்து ஓசி என்று சிரிப்பது என்ன கணக்கு?

"நான் வாடகைக்குத்தான் இருக்கிறேன், எனக்கு ஏது சொத்து வரி" என்று ஒருவர் உள்பெட்டியில் வந்தார். வீட்டுக்காரர் அந்த வரியைத் தன் கையிலிருந்து கட்டுகிறார் என்றா நினைக்கிறீர்கள்? உங்கள் வாடகைக்குள்தான் அது இருக்கிறது. நீங்களும் கட்டியவர்தான்.

திரும்பவும் சொல்கிறேன், ஓசி இல்லை. கட்டின காசு.

அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது என்று தெரியாமலே பேசுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. நாளிதழ், வார இதழ், வீட்டுக்கு எடுத்துப்போகப் புத்தகம், இவை எல்லோருக்கும் தெரிந்தவை. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகளைக் கேளுங்கள். ஒரு தேர்வுக்கான புத்தகங்களை மொத்தமாக வாங்கினால் என்ன ஆகும் என்று அவர்கள் சொல்வார்கள். எந்த மாவட்ட மைய நூலகத்துக்குப் போனாலும் அந்தப் பிள்ளைகள்தான் கதவு திறக்கும் முன்பே படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையில்லாதவர்களுக்குப் பிரெயில் பிரிவு இருக்கிறது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கத் தனிக் கூடமே இருக்கிறது. சிறுவர் பகுதியில் நிற்கும் அந்தச் செயற்கை மரத்தடியில் உட்கார்ந்து படிக்காத சென்னைப் பிள்ளை பாவம். மதுரைக்கு 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்துவிட்டது. நூலகத்துக்கு வர முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் நூலக நண்பர்கள் திட்டம் என்று ஒன்று உண்டு, எத்தனை பேருக்குத் தெரியும்? வீட்டை விட்டு நகரவே மாட்டேன் என்பவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய பழைய பதிப்புகளைப் படுத்துக்கொண்டே புரட்டலாம், ஒரு பைசா கேட்க மாட்டார்கள். அதையும் ஓசி என்று சொல்லிவிட்டு மூடிவைத்துவிடுங்கள்.

இப்போது என் கதை கொஞ்சம். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

நான் வளர்ந்தது ஒரே வாசலுக்குள் பல குடித்தனம் இருந்த வீட்டில். எங்களுக்கு ஒரு அறை, ஒரு அடுப்படி. பெண் பிள்ளை வெளியே கிளம்பினால் எங்கே, எதற்கு, யாரோடு என்று மூன்று கேள்வி வரும். ஒரே ஒரு பதிலுக்குத்தான் அடுத்த கேள்வி வராது. "லைப்ரரிக்குப் போறேன்." அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். அந்த வயதில் நான் தனியாக நடந்துபோன ஒரே தெரு நூலகத் தெருதான்.

உள்ளே போனால் வாசிப்புக் கூடம் முழுக்க ஆண்கள். நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக வைத்திருப்பார்கள், விளையாட்டுப் பக்கத்துக்கு இருவர் காத்திருப்பார்கள். பெண்கள் உட்கார மாட்டார்கள், புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அங்கே இருந்த நூலகர் தன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இங்க உக்காந்து படிம்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு முழுக்க அந்த நாற்காலியில்தான் படித்தேன்.

அம்மா எட்டாவது வரை படித்தவர். தானே நூலகத்துக்குப் போனால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று கடைசி வரை போகவில்லை. என்னை அனுப்புவார். "அந்த அத்தை செத்துப்போற கதை எழுதினாங்களே, அவங்க வேற ஏதாவது எழுதியிருந்தா எடுத்துட்டு வா." இதை அப்படியே நூலகரிடம் போய்ச் சொல்வேன். அவர் எந்த அலமாரி என்று கைகாட்டுவார், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அம்மா ராத்திரி எல்லோரும் தூங்கியபிறகு அடுப்படி விளக்கில் படிப்பார். விலை கொடுத்து ஒரு புத்தகம் வாங்கியதில்லை, வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. எங்கள் அம்மாதான் ஐயா நீங்கள் சொன்ன அந்த மாதிரிக் கூட்டம். நானும்தான். இன்று அதே குடியிருப்பில் உங்களுக்கு மேல் மாடியில் இருக்கிறேன், பராமரிப்புக் கட்டணம் பாக்கியில்லாமல் கட்டுகிறேன், அதனால் நம்ம பிள்ளைகள் என்பதில் என் பிள்ளையையும் சேர்த்துவிட்டீர்கள். பெருந்தன்மைக்கு நன்றி.

அந்த ஸ்கிரீன்ஷாட் சுற்ற ஆரம்பித்ததிலிருந்து எனக்கு வந்த கேள்விகளுக்கு இனி வருகிறேன்.

"எல்லாம் போனிலேயே இருக்கிறதே, நூலகம் எதற்கு?" போனில் உட்கார இடம் இருக்கிறதா? அடுத்தது.

"ஏசிக் காற்று வாங்கவும் தூங்கவும்தான் பாதிப் பேர் வருகிறார்கள்." வரட்டுமே. காசு எதுவும் வாங்காமல், ஏன் வந்தாய் என்று கேட்காமல், உங்கள் ஊரில் வேறு எந்தக் கட்டடம் ஒரு மனிதனை மணிக்கணக்கில் உட்கார விடுகிறது? வெயிலில் அலைந்துவிட்டு வந்து மேசையில் தலைசாய்க்கிற ஆளைப் பார்த்து உங்களுக்கு என்ன நஷ்டம்? தூங்கி எழுந்து ஒரு பக்கமாவது புரட்டிவிட்டுத்தான் போகிறார். பூட்டிய ஏசி அறையில் நாமும்தான் போனைப் புரட்டிக்கொண்டு படுத்திருக்கிறோம்.

"நீங்கள் ஆளுங்கட்சிக்கு ஜால்ரா." இதை எதிர்பார்த்தேன். நூலகச் சட்டம் கொண்டுவந்தது காங்கிரஸ் ஆட்சி. சென்னைக் கன்னிமாரா நூலகம் 1896-இல் திறந்தது, அப்போது இருந்தது வெள்ளைக்காரன். அவனுக்கும் ஜால்ரா என்று எழுதிக்கொள்ளுங்கள். அண்ணா நூலகத்தை 2010-இல் ஓர் ஆட்சி திறந்தது, 2011-இல் அடுத்த ஆட்சி அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அறிவித்தது. வழக்குப் போட ஆள் இருந்ததால் உயர் நீதிமன்றம் தடுத்தது, நூலகம் பிழைத்தது. வாசகன் தன்னுடையது என்று நினைக்காத நூலகத்தை எந்தக் கட்சியும் என்ன வேண்டுமானாலும் செய்யும். அதற்காகத்தான் கத்துகிறேன்.

"போன வெள்ளிக்கிழமை போனேன், பூட்டிக் கிடந்தது, இதுதான் அரசு நூலக லட்சணம்." கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அப்படித்தான். எத்தனை வருடம் கழித்து அந்தப் பக்கம் போனீர்கள் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

இதில் ஒரு கேள்விக்கு மட்டும் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. ஒரு தோழி கேட்டாள். "உன் நூலகத்தில் கழிப்பறை இருக்கிறதா? காலையிலிருந்து சாயந்தரம் வரை ஒரு பெண் பிள்ளை அங்கே உட்கார்ந்து படிக்க முடியுமா?" பெரிய நூலகங்களில் முடியும். பல கிளை நூலகங்களில் முடியாது. இருந்தால் தண்ணீர் இருக்காது, தண்ணீர் இருந்தால் தாழ்ப்பாள் இருக்காது. புத்தகங்கள் பழையன, மழை பெய்தால் ஒழுகும் கூரை, ஒரே ஆள் திறந்து, பெருக்கி, பதிந்து, பூட்டும் நூலகங்கள், எல்லாம் உண்மை. நான் மறைக்கவில்லை. ஆனால் இதைச் சொல்லும்போது உங்களுக்கு வருவது கோபமா, இளக்காரமா? காசு கொடுத்து வாங்கிய மிக்ஸி ஓடவில்லை என்றால் கடைக்காரனிடம் சண்டைக்குப் போகிறோம். இங்கே மட்டும் "கவர்ன்மென்ட்னா அப்படித்தான்" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். ஏனென்றால் நாம் காசு கொடுத்தோம் என்பதே நமக்கு நினைவில் இல்லை.

இன்னொன்று. நம்மிடம் வசூலான நூலக வரியைப் பல உள்ளாட்சி அமைப்புகள் நூலகங்களை நடத்தும் நூலக ஆணைக்குழுவிடம் முழுதாகக் கொடுக்காமல் பாக்கி வைத்திருக்கின்றன என்று எத்தனையோ முறை செய்தி வந்துவிட்டது. நூலகத்துக்கு என்று சொல்லி வாங்கிய காசு. அந்தச் செய்தி நம் குழுவில் ஒருநாளாவது வந்ததா? வராது. பார்க்கிங் தகராறு வரும், நாய்க்குச் சோறு போட்டது யார் என்று வரும், குட்மார்னிங் ரோஜாப்பூ வரும். உரிமையாளர்கள் என்று தலைப்பு வைத்துக்கொண்ட குழுவில் ஒருவருக்குக்கூடத் தன் சொத்து எது என்று தெரியவில்லை.

அந்தக் கோடை நிகழ்ச்சியை நடத்துவது யார் என்றாவது பார்த்தீர்களா? நூலகரும் வாசகர் வட்டத்து ஆட்கள் சிலரும். வண்ணப் பென்சில் வாங்கியது அவர்கள் சொந்தக் காசில். இந்த மாநிலத்தில் 4,000-க்கு மேல் பொது நூலகங்கள், அதில் ஊர்ப்புற நூலகர்கள் காலமுறை ஊதியம் கேட்டு வருடக்கணக்காக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு துறையில் இருந்துகொண்டு, லீவு நாளில் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வரும் ஒரு மனுஷியின் காதில் உங்கள் ஸ்கிரீன்ஷாட் விழாமல் இருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? விழுந்துவிட்டது. நேற்று புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "அறிவிப்பை எடுத்துடலாமா மேடம், உங்களுக்கு எதுக்குப் பிரச்சினை" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பிரச்சினையாம்!

1931-இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகத்தை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். அந்த வண்டி போனது எந்த மாதிரிக் கூட்டத்தைத் தேடி என்று நினைக்கிறீர்கள்? வயல்காட்டில் இருந்தவர்களைத் தேடி. அவர்கள் நூலகத்துக்கு வர மாட்டார்கள் என்று தெரிந்துதான் நூலகத்தையே அவர்களிடம் ஓட்டிப் போனார்கள். கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து நாம் வாசலில் நின்று யார் உள்ளே வரலாம் என்று தரம் பிரிக்கிறோம்.

"ஒரு சின்ன கமென்டுக்கு இவ்வளவு நீளமா?" என்று கேட்பீர்கள். ஆமாம், இவ்வளவு நீளம். "கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போய்விட்டார்" என்று யாரோ எழுதினார்களாம். அதுவும் ஆமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெயர் பதிவு. நூலகர் மேசையில் ஒரு நோட்டு இருக்கும், பிள்ளையின் பெயர், வகுப்பு, உங்கள் போன் எண் எழுதினால் போதும். அறிவிப்பை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அப்புறம், கீழ் மாடிக்காரருக்கு ஒன்று. உங்கள் பையன் சதுரங்கம் நன்றாக ஆடுகிறான், மொட்டை மாடியில் என் மகளைத் தோற்கடித்ததைப் பார்த்திருக்கிறேன். அவனை அனுப்புங்கள். நீங்கள் வர வேண்டியதில்லை.